சிறுதேர்ப் பருவம் முடிவதில்லை

நம் இலக்கியச் சூழலில் கைவேலையைப் பற்றிப் பேசுவதற்குச் சில எழுதப்படாத நிபந்தனைகள் இருக்கின்றன. கைவினைஞன் ஏழையாக இருக்கவேண்டும். அவன் கலை அழிவின் விளிம்பில் இருக்கவேண்டும். அவன் செய்யும் பொருள் கோயிலோடோ சடங்கோடோ தொடர்புடையதாக இருந்தால் இன்னும் நல்லது. அப்போது அவனைப் பற்றி நெகிழ்ச்சியாக ஒரு கட்டுரை எழுதுவோம். மாறாக, மாதச் சம்பளம் வாங்குகிற, நாற்பதைக் கடந்த ஒருவன், இரவு பத்து மணிக்குச் சாப்பாட்டு மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்து ஓர் அடி நீளத்தில் ஒரு லாரியைக் கட்டிக்கொண்டிருந்தால் நம் நண்பர்களின் முகத்தில் ஒரு புன்னகை வருகிறது. கிலுகிலுப்பையைக் கையில் வைத்திருக்கும் கிழவனைப் பார்க்கும் புன்னகை அது.

அந்தப் புன்னகைக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன். ஆனால் என் சண்டை அவர்களுடன் மட்டுமல்ல. பள்ளிநாட்களில் விட்ட பொழுதுபோக்கை நடுவயதில் மீண்டும் எடுத்துக்கொண்ட என்னைப் போன்றவர்கள் இன்று தமிழகத்திலும் கேரளத்திலும் கணிசமாகவே இருக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலானவர்கள் இந்த வேலையைச் செய்யும் விதத்தோடும் எனக்கு ஆழமான முரண்பாடு உண்டு. முதலில் இலக்கியவாதிகள்.

'குழந்தை விளையாட்டு' என்பது முதல் குற்றச்சாட்டு. சரி, குழந்தை விளையாட்டை நம் மரபு எங்கே வைத்திருந்தது என்று பார்ப்போம். பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் சிறுதேர். தெய்வத்தையும் அரசனையும் குழந்தையாக்கிப் பாடிய புலவர்கள், அக்குழந்தையின் வளர்ச்சியின் உச்சமாகக் கண்டது ஒரு பொம்மை வண்டியை உருட்டுவதை. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தைச் சொல்லவந்த புலவர், முற்றத்தில் கோழியை விரட்ட வீசியெறிந்த பொற்குழை, குதிரையில்லாமல் சிறுவர் உருட்டும் மூன்று சக்கர வண்டிக்குத் தடையாகக் கிடப்பதைக் காட்டுகிறார். வடமொழியில் சூத்ரகரின் நாடகத்துக்குப் பெயரே 'மிருச்சகடிகம்', மண்ணால் செய்த சிறுவண்டி. பக்கத்து வீட்டுப் பையனின் பொன்வண்டியைப் பார்த்துவிட்டுத் தன் மண்வண்டி வேண்டாமென்று அழும் சிறுவனுக்காக வசந்தசேனை தன் நகைகளை அந்த மண்வண்டிக்குள் இடுகிறாள். பின்னர் அந்த நகைகளே சாருதத்தன்மேல் விழுந்த கொலைப்பழிக்குச் சான்றாகின்றன. நாடகத்தின் கனம் முழுவதையும் அந்தப் பொம்மை வண்டிதான் இழுத்துச் செல்கிறது. ஆகவே, சிறுவண்டி இலக்கியத்துக்குப் புறம்பானது என்று எவரும் சொல்லவேண்டாம்.

ஆனால் மரபைக் காட்டி மட்டும் வெல்ல நான் விரும்பவில்லை. குழந்தையின் வண்டிக்கும் நான் கட்டும் வண்டிக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு இருக்கிறது. குழந்தையின் வண்டிக்கு அளவு தேவையில்லை. எங்கள் பக்கத்தில் பனை நுங்கைத் தின்றபின் இரண்டு கூந்தலைக் குச்சியில் கோத்தால் அது வண்டி. கமுகம்பாளையில் ஒருவன் உட்கார இன்னொருவன் இழுத்தால் அது பஸ். தேய்ந்த ஹவாய்ச் செருப்பை வட்டமாக வெட்டி ஆணியில் செருகினால் லாரி. அவை எதையும் நிரூபிக்கவேண்டியதில்லை. அளவு மாதிரி அப்படிப்பட்டதல்ல. அது ஒரு கூற்று. 'அசல் வண்டி இப்படித்தான் இருந்தது' என்று அது சொல்கிறது. அக்கூற்று மெய்யாக இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். அளவுநாடாவை வைத்து எவரும் அதைச் சோதிக்கமுடியும். கவிதை விமரிசனத்தில்கூட நமக்கு வாய்க்காத வசதி இது.

லாரி மாதிரிகளில் பரவலாக இருக்கும் அளவு 1:24. இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பலர் யோசிப்பதில்லை. ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று வைத்தால் 1:24 கிடைத்துவிடும். நம் லாரிப் பட்டறைகள் இன்றும் அடியிலும் அங்குலத்திலும்தான் பேசுகின்றன. '22 அடி பாடி' என்று நாமக்கல்லில் ஒருவர் சொன்னால் என் மேசையில் அது 11 அங்குலம். கணக்குப்பொறி தேவையில்லை. 10.00-20 டயரின் வெளிவிட்டம் ஒரு மீட்டரைவிடச் சற்று அதிகம். மாதிரியில் 44 மில்லிமீட்டர். அகலம் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர். சற்றுத் தேய்ந்த ஹவாய்ச் செருப்பின் தடிமனும் ஏறக்குறைய அதுவே! ஆக, சிறுவயதில் நாங்கள் வெட்டிய செருப்பு டயருக்கு ஓர் அளவு இருந்திருக்கிறது. அதை அறியும் வயதுதான் எங்களுக்கு அப்போது இல்லை.

மாதிரி செய்வது என்பது கூர்ந்து வாசிப்பதுதான். தினமும் ஐம்பது லாரிகளைப் பார்க்கிறோம். பின்பக்கப் பலகையைத் தாங்கும் கொண்டி எத்தனை, அது எந்தப் பக்கம் திறக்கும், தார்ப்பாய்க் கயிறு எந்த வளையத்தில் முடிகிறது, டீசல் தொட்டி இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கட்ட உட்கார்ந்தால் சொல்லியாகவேண்டும். கதையைப் படித்தவனுக்கும் அதையே கையால் பெயர்த்தெழுதியவனுக்கும் உள்ள வேறுபாடு இது. வாசிப்பைப் பற்றி இவ்வளவு பேசும் நம் நண்பர்களுக்கு இந்த வாசிப்பு மட்டும் ஏன் கண்ணில் படவில்லை?

இனி என் சக பொழுதுபோக்காளர்களுடனான சண்டைக்கு வருகிறேன்.

அவர்களில் ஒரு சாரார் பெட்டியில் வரும் வெளிநாட்டுத் தொகுப்புகளே தரம் என்று நம்புகிறவர்கள். இத்தாலியின் இடாலெரி 1:24 அளவில் தரும் ஸ்கானியாவும் வால்வோவும், அமெரிக்காவின் ஏ.எம்.டி. 1:25 அளவில் தரும் பீட்டர்பில்ட்டும், ஜப்பானின் டாமியா 1:14 அளவில் தரும் ரேடியோ வண்டிகளும் மகத்தான தயாரிப்புகள்தாம். எனக்கு அவற்றின்மேல் காழ்ப்பில்லை. ஏணிச் சட்டம் எப்படி நிற்கிறது, அச்சும் கமான் பட்டையும் எப்படிப் பொருந்துகின்றன என்பதைக் கையால் அறிய ஒரு தொகுப்பைக் கட்டுவதைவிடச் சிறந்த பாடம் இல்லை. என் மறுப்பு அதற்குப் பிறகு வருகிறது. கேட்டால், 'நம்ம ஊர் லாரிக்கு கிட் வருவதில்லையே, என்ன செய்ய?' என்கிறார்கள். வராது. எந்நாளும் வராது. ஏன் என்று யோசித்தீர்களா?

பிளாஸ்டிக் தொகுப்பு உருக்கு அச்சில் வார்க்கப்படுவது. அந்த அச்சின் செலவு பெரிது. ஆயிரக்கணக்கில் ஒரேமாதிரிப் பிரதிகள் விற்றால்தான் கட்டுபடியாகும். ஆகவே அசலும் ஆயிரக்கணக்கில் ஒரேமாதிரி இருக்கவேண்டும். 1:25 என்ற அளவே அமெரிக்கக் கார் விற்பனைக் கூடங்களுக்கு ஏ.எம்.டி. போன்ற நிறுவனங்கள் செய்துகொடுத்த விளம்பர மாதிரிகளிலிருந்து நிலைபெற்றது. அங்கே ஆலையிலிருந்து வெளிவந்ததுதான் வண்டி. இங்கே ஆலையிலிருந்து வெளிவந்தது பாதி வண்டி. 1948இல் சென்னையில் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955இல் அசோக் லேலண்டாகப் பெயர்மாறிய நிறுவனமும், 1954இல் பென்ஸ் கூட்டுறவோடு ஜாம்ஷெட்பூரில் லாரி கட்டத் தொடங்கி 1969இல் தனித்து நின்ற டாட்டாவும், பல பதிற்றாண்டுகள் விற்றவை பெரும்பாலும் எஞ்சினும் முகப்பும் மட்டும் கொண்ட வெற்றுச் சேஸ்களை. தலையில் துண்டும் கண்ணில் கண்ணாடியுமாக ஓட்டுநர் அந்தக் கூரையற்ற சேஸை நெடுஞ்சாலையில் ஓட்டிச்செல்லும் காட்சியை என் தலைமுறை மறக்கமுடியாது. அது பட்டறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் லாரியானது. நாமக்கல்லில் ஒரு முகம், பஞ்சாபில் ஒரு முகம், கேரளத்தில் வேறொரு முகம். ஒரே பட்டறையில் அடுத்தடுத்து இறங்கிய இரண்டு வண்டிகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. தச்சர், வெல்டர், பெயிண்டர், முதலாளியின் குலதெய்வம், அவர் மகளின் பெயர், எல்லாம் அதில் கலந்திருக்கும்.

இப்படிப்பட்ட வண்டிக்கு உருக்கு அச்சு செய்ய எந்த நிறுவனத்தாலும் ஆகாது. தனியொரு கையால் கட்டப்பட்ட வண்டியின் மாதிரியைத் தனியொரு கைதான் கட்டமுடியும். நம் லாரிக்குத் தொகுப்பு இல்லாதது நம் பொழுதுபோக்கின் ஏழ்மை என்று புலம்புகிறவர்கள், அதுவே இதன் இலக்கணம் என்பதைத் தவறவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பொன்வண்டிக்காக அழுத அந்தச் சிறுவனுக்காவது வயது ஒரு சாக்கு.

பொருளுக்கும் பஞ்சமில்லை. கேரளத்து இளைஞர்கள் விளம்பரப் பலகைக்கு உரிய ஃபாரெக்ஸ் ஷீட்டை அறுத்து அரசுப் பேருந்துகளின் மாதிரிகளைச் செய்து குவிக்கிறார்கள். வேலைக்கு மிக எளிதான பொருள். ஆனால் ஒரு கணக்கைச் செய்துபாருங்கள். 3 மில்லிமீட்டர் ஷீட் 1:24 அளவில் 72 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட மூன்று அங்குலம். எந்த லாரியின் கதவும் மூன்று அங்குலத் தடிமனில் தகடு கொண்டிருப்பதில்லை. சன்னல் விளிம்பை உட்புறமாகச் சீவி மெலிதாக்காவிட்டால் எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் அது கோட்டைச் சுவர்போல்தான் தெரியும். 1 மில்லிமீட்டர் ஷீட் ஓர் அங்குலப் பலகைக்குச் சமம். பாடியின் பக்கப் பலகைகளுக்குச் சரியாகப் பொருந்தும். அச்சுக்குச் சைக்கிள் ஸ்போக், புகைக்குழாய்க்குப் பேனா ரீஃபில், கயிறுக்குத் தையல்நூலை முறுக்கினால் போதும். இவ்வளவுதான். செலவு இதில் இல்லை; கண்ணில் இருக்கிறது.

அடுத்த சாராரோடு என் கருத்துவேறுபாடு இன்னும் கடுமையானது. இவர்கள் நம் வண்டிகளைத்தான் கட்டுகிறார்கள். ஆனால் அலங்கரிக்கிறார்கள். கண்ணாடிபோல் மின்னும் பெயிண்ட், பதினாறு எல்.ஈ.டி. விளக்கு, நடிகர் படம், ஒரு புள்ளி தூசி கிடையாது. 'கஸ்டமைஸ்' செய்வது என்றால் மேலும் மேலும் ஒட்டுவது என்று புரிந்துவைத்திருக்கிறார்கள். இத்தகைய மாதிரி ஒன்றின் படத்தை எங்கள் ஊரில் முப்பது ஆண்டுகளாக லாரி ஓட்டும் ஒருவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, 'இது ஓடுன வண்டியா அண்ணே, இல்ல வச்சுப் பாக்கதுக்கு உள்ளதா?' என்று கேட்டார். மாதிரிக் கலை பற்றி நான் கேட்ட மிகச் சிறந்த விமரிசனம் அதுதான்.

ஓடிய வண்டி எப்படி இருக்கும்? ஏறும் படியில் பெயிண்ட் தேய்ந்து தகரம் வெளுத்திருக்கும். ஓட்டுநர் பக்கத்துக் கதவில் கை ஊன்றும் இடம் கருத்திருக்கும். டிங்கர் வேலை பார்த்த இடத்தில் பட்டி பூசி அடித்த நிறம் ஒரு சாயல் வேறுபடும். பாடியின் அடியில் தண்ணீர்க் குடம், ஸ்டவ், ஸ்டெப்னி. முகப்பில் எலுமிச்சையும் மிளகாயும், பின்னால் திருஷ்டிக்குத் தொங்கும் ஒற்றைச் செருப்பு. அந்த வண்டியில் ஓட்டுநரும் கிளீனரும் வாழ்ந்தார்கள். அலங்கார மாதிரியில் எவரும் வாழ்ந்த தடமில்லை. அசலைவிட அழகாகச் செய்துவிட்டதாகப் பெருமைப்படுகிறவர், அசலைப் பார்க்க மறுத்திருக்கிறார் என்றே நான் சொல்வேன்.

இங்கே மூன்றாவது குற்றச்சாட்டை எதிர்கொண்டாகவேண்டும். உண்மையான கேள்வி இதுதான். ஊர்க்காரர் ஒருவர் கேட்டார்: 'நம்ம மலைய உடச்சிக் கொண்டுபோற வண்டிய நீரு அழகு பாக்கீரா?'

வெளியூர் நண்பர்களுக்குச் சற்று விளக்கவேண்டும். புதுக்கடையை நாஞ்சில் நாடு என்று எழுதுகிறவர்கள் உண்டு. நாஞ்சில் நாடு தோவாளையும் அகஸ்தீஸ்வரமும். நாங்கள் பழைய விளவங்கோட்டுக்காரர்கள், கேரள எல்லையை ஒட்டியிருப்பவர்கள். ஒருபக்கம் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஐஸ்தண்ணீர் சொட்டச் சொட்ட மீன்வண்டிகள். மறுபக்கம் களியக்காவிளை நோக்கிக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய கனரக வண்டிகள். விழிஞ்சம் துறைமுகக் கட்டுமானம் 2015 டிசம்பரில் தொடங்கியது. 2025 மே 2 அன்று துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் குமரி மாவட்டத்தின் சாலைகளில் கனிமவள லாரிகள் ஒரு தீராத பிரச்சினையாயின. விபத்துகள், மறியல்கள், வழக்குகள். அசோக் லேலண்டின் ஒரு வண்டிக்கு இடப்பட்ட 'டாரஸ்' என்னும் பெயர், எந்த நிறுவனத்து வண்டியானாலும் சரி, எங்கள் ஊரில் அச்சமூட்டும் பொதுப்பெயராகவே மாறிவிட்டது. அந்த வண்டியின் மாதிரியைச் செய்வது குற்றத்தில் பங்கா?

அலங்கரித்துச் செய்தால், ஆம். பங்குதான். இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை; இதற்கு ஓர் இயற்பியல் காரணம் உண்டு.

1638இல் வெளிவந்த தன் கடைசி நூலில் கலிலியோ இதை விளக்கினார். ஒரு பொருளை வடிவம் மாறாமல் சிறிதாக்கினால் அதன் எடை நீளத்தின் கனமடங்காகக் குறையும். அதன் உறுதியோ குறுக்குப் பரப்பைச் சார்ந்தது, எனவே வர்க்கமடங்காகத்தான் குறையும். நம் அளவில் எடை 24இன் கனம், அதாவது 13,824 மடங்கு குறைகிறது. உறுதி 576 மடங்குதான் குறைகிறது. ஆக, அதே பொருளில் கட்டப்பட்ட 1:24 மாதிரி தன் பாரத்தைத் தாங்குவதில் அசலைவிட 24 மடங்கு வல்லது. பத்துச் சக்கர, மூன்று அச்சு லாரிக்குச் சட்டம் அனுமதித்த மொத்த எடை முன்பு 25 டன். 2018 ஜூலையில் 28.5 டன்னாக உயர்ந்தது. என் மேசையில் அது இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். இரண்டு கிலோ என்பது ஒரு பை அரிசி. அதை வைத்தால் மாதிரி முனகுவதுகூட இல்லை.

இதன் பொருள் என்ன? சிறிதாக்கும்போது முதலில் காணாமற்போவது பாரம். நிறத்தைக் கொண்டுவரலாம், வடிவத்தைக் கொண்டுவரலாம், எழுத்தைக் கொண்டுவரலாம். பாரத்தை மட்டும் கொண்டுவர முடியாது. எல்லா மாதிரியும் இயல்பாகவே பாரமற்றது, ஆகவே இயல்பாகவே பொய். சாலையை நொறுக்கியது எதுவோ, மலையைக் கரைத்தது எதுவோ, ஓட்டுநரின் முதுகெலும்பைத் தேய்த்தது எதுவோ, அது அலமாரியில் நிற்கும் வண்டியில் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு இனிமையாக இருக்கிறது.

மாதிரி செய்பவனின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. பாரத்தைக் கொண்டுவர முடியாது. பாரத்தின் அடையாளங்களைக் கொண்டுவர முடியும். காலி வண்டியில் பின் கமான் பட்டை வில்லாக வளைந்திருக்கும். முழு லோடில் நிமிர்ந்து நேராகும். மிகை லோடில் எதிர்ப்பக்கம் வளையத் தொடங்கும். இரட்டை டயர்களின் கீழ்ப்பகுதி பிதுங்கி ஒன்றையொன்று நெருங்கும். பின்பாகம் தாழ, முன்விளக்குகள் எதிரில் வருபவன் கண்ணை நோக்கி உயரும். சிறுவாகனத்தில் எதிரே வரும் எங்கள் ஊர்க்காரன் அறிந்த டாரஸ் அதுதான். இவற்றைக் கட்டுவதற்குப் பட்டைகளை ஒவ்வொன்றாக வெட்டி வளைக்கவேண்டும், டயரின் அடியைச் சூடாக்கி அமுக்கவேண்டும். எல்.ஈ.டி. ஒட்டுவதைவிடப் பல மடங்கு கடினம். எனக்கு 'கஸ்டமைஸ்' என்ற சொல்லுக்கு இதுவே பொருள். அப்படிக் கட்டப்பட்ட ஒரு லாரி மலை உடைப்புக்கு எதிரான எந்தத் துண்டுப் பிரசுரத்துக்கும் குறைந்ததல்ல. கேள்வி கேட்ட அந்த ஊர்க்காரருக்கு என் பதிலும் இதுதான்: நான் அந்த வண்டியை அழகு பார்க்கவில்லை, அதை மறைக்காமல் பார்க்கிறேன்.

கடைசியாக ஒன்று. இதற்கு அவகாசம் அதிகமில்லை. பட்டறையில் கட்டிய மரச்சட்டக் கேபின்கள் ஏற்கெனவே அருகிவிட்டன. ஆலையிலேயே முழுக் கேபினோடு வரும் வண்டிகள் சாலையை நிறைத்துவிட்டன. இப்போது புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் கட்டாயம். இதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். எஞ்சின் சூட்டில் வெந்தபடி ஓட்டியவர்களின் உடலைவிட நம் பழைமை ஏக்கம் பெரிதல்ல. ஆனால் போகிற ஒன்றை அளந்துவைக்காமல் போகவிடுவது வேறு. எங்கள் ஊரில் 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டுக்கு நினைவுத்தூண் இருக்கிறது, இருக்கவேண்டியதுதான். வரலாறு தன்னைத் தூணாக நிறுத்திக்கொள்ளும். கேபின் கதவின் கொண்டிக்கு எவரும் தூண் எழுப்பப்போவதில்லை. பட்டறைக்காரர்கள் வரைபடம் வைத்துக்கொள்ளவில்லை. அளவுகள் அவர்கள் கையிலும் கண்ணிலும் இருந்தன. அந்தக் கைகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. காயலான் கடைக்குப் போகும் ஒவ்வொரு பழைய பாடியோடும் நகலெடுக்கப்படாத ஓர் ஏடு எரிகிறது.

ஆகவே, மீண்டும் இந்த வேலைக்கு வந்திருக்கும் நண்பர்களுக்குச் சொல்வது இதுதான். அடுத்த பெட்டியை வரவழைப்பதற்கு முன் ஓர் அளவுநாடாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள பழைய பட்டறைக்குப் போங்கள். மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டியை அனுமதி கேட்டு அளந்துகொள்ளுங்கள். கதவு, படி, சன்னல், பலகை, கொண்டி, எல்லாவற்றையும் அடி அங்குலத்திலேயே எழுதுங்கள். முடிந்தால் கட்டியவரையே பக்கத்தில் நிறுத்திக் கேளுங்கள். அவர் மகிழ்ந்து பேசுவார். கட்டுவது அடுத்த ஆண்டும் நடக்கலாம், அளப்பது இந்த மாதமே நடக்கவேண்டும்.

புன்னகைக்கும் இலக்கிய நண்பர்களும் கூட வரலாம். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் எப்போதும் தேவை.